ஆறு கிலோமீட்டர் பிரியாணி

ஓடுவது என்று அற்புதராஜ் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புடலங்காய்க் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து.

சாம்பல் புதன் கழிந்து நாலே நாள்தான் ஆகியிருந்தது. ஈஸ்டருக்கு முழுசாக ஆறு வாரம் கிடந்தது. அதுவரை காரைக்காலில் அவர் வீட்டுச் சட்டிக்குள் கறி என்று ஒன்று விழாது. விழாது என்றால் விழாது. ஞாயிற்றுக்கிழமைக்குச் சாமியார்கூடச் சலுகை தருவார், சலோமி தரமாட்டாள்.

எண்பத்தாறாம் வருஷத்துச் சமாச்சாரம் இது. அற்புதராஜுக்கு அப்போது வயசு நாற்பத்தாறு, எடை தொண்ணூற்றிரண்டு. நகராட்சி ஆபீசில் பிறப்பு இறப்புப் பதிவுக் குமாஸ்தா. பழைய ஆட்கள் அந்த ஆபீசை இன்னும் பிரெஞ்சுக்காரன் பேச்சில் 'மேரி' என்றுதான் சொல்வார்கள். ஊரில் எவன் வந்தாலும் எவன் போனாலும் அற்புதராஜின் பேனாவைத் தாண்டித்தான் வரணும், போகணும். அந்தப் பேனா ஒரு பெயரை எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போவதற்குள் மனுஷன் ஜன்னல் வழியாகக் கடல் காற்றோடு எங்கேயோ கிளம்பிப் போய்விடுவார். மை காய்ந்து, வரிசையில் நிற்கிறவன் இருமினால்தான் திரும்பி வருவார்.

ஆபீஸ் மாடியில் இருந்தது. பதினாலு மரப்படி. கொஞ்ச நாளாக அற்புதராஜ் ஏழாவது படியில் நின்று, சுவரில் மாட்டியிருந்த பழைய பாய்மரக் கப்பல் படத்தை ரசிக்க ஆரம்பித்திருந்தார். இரண்டு நிமிஷம் ரசிப்பார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு ரசிப்பார். கப்பலில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைப் பியூன் போய்ச் சலோமியிடம் வேறு மாதிரிச் சொல்லிவிட்டான். கிறிஸ்மஸுக்கு முன்னால் அவள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, தினம் நடக்கணும் என்றார்.

நடந்தார். இரண்டு நாள். மூன்றாம் நாள் மழை. அதற்கப்புறம் தினமும் மழை வரும்போல் இருந்தது.

ஒரு நாள் சலோமி அழுதேவிட்டாள். "உங்க நோட்டுல உங்க பேரை வேற ஒருத்தர் எழுதறதை நான் போய்ப் பாக்கணுமா? சொல்லுங்க!" என்றாள். அற்புதராஜுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நாளையிலிருந்து நடக்கிறேன் என்றார். நாளை வந்தது, போனது. சலோமி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பெண்களுக்கு மறதி ஜாஸ்தி என்று அவர் நிம்மதியானார்.

இப்போது புடலங்காய்க் கூட்டு.

"ஏங்க, இந்தக் கூத்தைக் கேட்டீங்களா?" என்றாள் சலோமி, இன்னொரு கரண்டி கூட்டை அவர் தட்டில் தட்டிக்கொண்டே. "அடுத்த ஞாயித்துக்கிழமை ஒற்றுமை ஓட்டமாம். நம்மூர் ஆளுங்க திருமலைராயன்பட்டினத்துக்கு ஓடணுமாம். பட்டினத்து ஆளுங்க இங்க ஓடி வரணுமாம்."

"எதுக்கு?"

"யாருக்குத் தெரியும்? வேலை இல்லாததுங்க. அதை விடுங்க. நம்ம ஆஸியா இல்ல, அவ சொல்லி அனுப்பியிருக்கா. ஓடி வர்றவங்க யாரா இருந்தாலும் அவ வீட்டுல பிரியாணியாம். ஆட்டுக்கறி, சீரகச் சம்பா. தவக்காலத்துல இதை வந்து என்கிட்ட சொல்லுறா பாருங்களேன், கொழுப்பு!"

ஆஸியா பீவி சலோமியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் புருஷன் காஜா மைதீன், அற்புதராஜின் சின்ன வயசுக் கூட்டாளி. சவூதியில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டுப் பட்டினத்தில் மொசைக் தரை போட்டு வீடு கட்டியவன். ஆஸியா கைப் பிரியாணி என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. தெருமுனையில் வரும்போதே, வா என்று கையைப் பிடித்து அழைக்கும்.

அற்புதராஜ் தட்டைப் பார்த்தார். புடலங்காய் மறைந்து போயிற்று. சீரகச் சம்பாச் சோறு பொலபொலவென்று விழுந்தது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக இறங்கி வந்து அவரை விசாரித்தது. நடுவில் ஒரு நெஞ்செலும்புத் துண்டு, மேலே பொரித்த வெங்காயம். ஆவி எழுந்து மூக்குக் கண்ணாடியை மூடியது. அந்த ஆவிக்குள்ளேயே அவர் கொஞ்ச நேரம் வாழ்ந்தார்.

"என்னங்க, சாப்பிடாம சிரிச்சிக்கிட்டிருக்கீங்க?"

"சலோமி," என்றார் அற்புதராஜ் கம்பீரமாக, "நான் ஓடப்போறேன்."

"எங்க?"

"ஒற்றுமை ஓட்டத்துல. நாட்டுக்கு நம்மால ஆனது."

சலோமி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயய்யோ, வேணாங்க! உங்களால முடியாது."

"ஏன் முடியாது?"

"ஆறு கிலோமீட்டருங்க! நீங்க கடைத்தெருவுக்கே ரிக்‌ஷா கேக்கறவரு."

"அதெல்லாம் மனசு இருந்தா போதும்."

"ஆளுங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்!"

"நான் சொல்லிட்டேன், வேணாம்."

"நான் முடிவு பண்ணிட்டேன், உண்டு!"

வேணாம் என்று அவள் சொல்லச் சொல்ல அற்புதராஜுக்கு வீரம் ஏறியது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் சலோமியை அவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் அவள் பெருமூச்சு விட்டு, "என்னமோ பண்ணுங்க. கோயிலுக்குப் போற வழியில நானே பேரைக் குடுத்துட்டு வர்றேன்" என்றாள். சாயங்காலம் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் கறுப்புப் பெயிண்டில் நம்பர் எழுதியிருந்தது.

ஒன்று.

"நம்பர் ஒண்ணா?" அற்புதராஜுக்குக் கண் விரிந்தது. முந்நூறு பேர் சேர்ந்தாயிற்று என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பெயர் கொடுத்தவருக்கு முதல் நம்பர்! "பாத்தியா? ஆளைப் பாத்து எடுத்து வச்சிருக்கான். பதவின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கும், இருக்கும்," என்றாள் சலோமி.

திட்டம் எளிமையானது. அரசலாற்றுப் பாலம் வரை ஜோராக ஓடுவது. பாலம் தாண்டியதும் செருப்பு வார் அறுந்த மாதிரி ஓரமாக ஒதுங்குவது. பின்னால் வருகிற, பட்டினம் தாண்டி நாகூர் வரைக்கும் போகிற பஸ்ஸில் ஏறுவது. ஊர் எல்லையில் இறங்கி, குழாயடியில் முகத்தையும் பனியனையும் நனைத்துக்கொண்டு கடைசி நூறு கஜம் ஓடுவது. அப்புறம் ஆஸியா வீடு. அப்புறம் சொர்க்கம். பட்டினத்துத் துலுக்கத் தெருவில் மாதா கோயில் பங்குச் சனம் ஒருத்தரும் எட்டிப் பார்க்காது. அந்த வாரம் முழுக்க இறப்புப் பதிவேட்டைத் திறந்தால்கூட அவருக்கு நெய் வாசனைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிப் பூசை முடிந்த கையோடு, பீடத் துணி துவைக்கிற வேலை இருக்கிறதென்று சலோமி அங்கேயே தங்கிவிட்டாள். மைதானத்தில் பனி. மாசி மாதத்துப் பனி, முழங்கை தூரத்தில் நிற்கிறவனைக்கூடப் பாதியாகக் காட்டியது. விசில் ஊதியது. கூட்டம் நகர்ந்தது. அற்புதராஜும் நகர்ந்தார்.

பாலம் வந்தது. செருப்பு வார் அறுந்தது. ஓரமாக நின்றார். அரசலாறு கீழே சத்தமில்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ் வரவில்லை. பாலத்துக் கைப்பிடியில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருத்தர் சாய்ந்துகொண்டிருந்தார்.

"பட்டினம் பஸ் எப்பங்க வரும்?"

"அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு போச்சு சார். இனி ஒம்போது மணிக்கு மேலதான். ஓட்டத்துக்காக ரோட்டை அடைச்சாச்சு." சொல்லிவிட்டு அற்புதராஜின் பனியனில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்தார். விறைப்பாக நிமிர்ந்தார். "நம்பர் ஒண்ணு நீங்கதானா? என்ன சார் நின்னுட்டீங்க? எல்லாரும் போயிட்டாங்க!"

பிரியாணி தெற்கே இருந்தது. பஸ் இல்லை. பின்னால் போனால் புடலங்காய். அற்புதராஜ் தெற்கே பார்த்து ஓட ஆரம்பித்தார்.

பக்கத்தில் ஒரு வெள்ளை மீசை பனிக்குள்ளிருந்து முளைத்தது. சூசைமுத்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற கிழவர். "போன்ழூர், முசே அற்புதராஜ்!"

"தாத்தா, நீங்க எதுக்கு ஓடறீங்க?" என்றார் அற்புதராஜ், மூச்சு வாங்கிக்கொண்டே.

"தேச ஒற்றுமைக்கு." நாலு எட்டு ஓடினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல அவ தூங்குறா. எழுந்தா நான் பேச முடியாது. இப்ப ஒரு மணி நேரம் எனக்கு நானே பேசிக்கலாம்." சொன்னபடியே ஏதோ பிரெஞ்சில் சளசளவென்று பேசிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

அடுத்து வந்த ஒருத்தன் பனியன் சும்மா கிடைக்கிறதே என்று வந்தவன். இன்னொருத்தன் மச்சானிடம் பந்தயம் கட்டியவன். கேட்டவுடனே எல்லாரும் தேச ஒற்றுமை என்றுதான் சொன்னார்கள். நாலு எட்டு கூட ஓடினால் வேறு ஒன்று வெளியே வந்தது. பனிக்குள் முகம் தெரியாததால் மனசில் இருப்பது தானாக வந்துவிட்டது போலிருக்கிறது. அற்புதராஜ் மட்டும் தன் காரணத்தைச் சொல்லவில்லை. அதைப் பத்திரமாக வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடினார்.

ஒரு மைல் கல்லில் அவருக்கு மூச்சு முட்டியது. குனிந்து நின்றார். பார்க்க ஒரு கப்பல் படம்கூட இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவருக்கே கேட்டது. இறப்புப் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தன் கையாலேயே எத்தனை பேருக்கு 'மாரடைப்பு' என்று எழுதியிருப்பார்! முதல் முறையாக அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"என்ன சார் நின்னுட்டீங்க?" சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அல்லி. கிளிஞ்சல்மேட்டு மீன்காரி, அவர் தெருவுக்குத் தினமும் வருகிறவள். "நடந்து வாங்க. மூச்சு வந்ததும் ஓடுங்க. மெதுவா வாங்க, மீனா கெட்டுப்போவப் போவுது?"

அவளோடு நடந்தார். கொஞ்சம் ஓடினார். மறுபடி நடந்தார்.

"நீ எதுக்கும்மா இதுல?"

"ஒற்றுமைக்குத்தான்." அல்லி சிரித்தாள். "தினம் விடியக்காலம் கூடையோட ஓடுறேன் சார். மீன் கெடறதுக்குள்ள விக்கணும்ல. தலையில கூடை இல்லாம ஓடுனா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு ஆசையா இருந்திச்சு."

"எப்படி இருக்கு?"

அல்லி இரண்டு கையையும் விரித்துக் கொஞ்ச தூரம் ஓடினாள். "கழுத்து எங்க இருக்குன்னே தெரியல சார்!" என்று கத்திவிட்டுப் பனிக்குள் போய் மறைந்தாள்.

அதற்கப்புறம் அற்புதராஜ் தனியாக ஓடினார். இரண்டு பக்கமும் அறுத்த வயலில் தாளுக்கு நடுவே உளுந்து பச்சையாக முளைத்திருந்தது. இடது கைப் பக்கம் தூரத்தில் எங்கேயோ கடல். தெரியவில்லை, காற்று மட்டும் வந்து பனியனுக்குள் புகுந்து வியர்வையைத் தொட்டுவிட்டுப் போனது. முன்னால் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது, ஆள் இல்லை. ஊர் முழுக்கத் தூக்கத்திலேயே எழுந்து எங்கேயோ போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கால் தன் பாட்டுக்கு ஓடியது. ஆபீசில் உட்கார்ந்து எங்கெங்கோ போகிற மனுஷன், இப்போது எங்கேயும் போகாமல் தன் உடம்புக்குள்ளேயே இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி ஓடினார் என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரம் முழுக்க அவர் பிரியாணியை நினைக்கவே இல்லை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

நிரவி வந்தபோது பனி லேசாக விலகியது. எதிரே பட்டினத்துக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. அதன் வாலில் சவூதி அரைக்கால் சட்டையோடு ஒரு கனத்த உருவம். நெஞ்சில் நம்பர் இரண்டு.

"டேய் காஜா!"

"அற்புதம்! நீயா ஓடுற?"

"நீ எங்கடா இந்தப் பக்கம்?"

"உன் வீட்டுக்குத்தான்!" காஜா மைதீன் அவரைக் கட்டிக்கொண்டான். "ஓடி வர்றவங்களுக்குச் சலோமி கருவாட்டுக் குழம்பு வைக்கிறாளாமே! பிரஷர்னு டாக்டரு உப்பை நிறுத்திட்டாரு. மொசைக் வீட்டுல நாத்தம்னு ஆஸியா கருவாட்டையே நிறுத்திட்டா. ரெண்டு வருஷம் ஆச்சுடா. பஸ்ஸுல வரலாம்னு பாத்தேன், பாவிங்க பஸ்ஸை நிறுத்திட்டாங்க."

அற்புதராஜ் விழித்தார். "கருவாடா? எங்க வீட்டுல ஒரு வாரமா புடலங்காய்டா. நான் உன் வீட்டுப் பிரியாணிக்குல்ல வர்றேன்!"

"பிரியாணியா? அல்லா மேல ஆணையா, அடுப்பே பத்த வைக்கல. ஆஸியா விடியறதுக்கு முன்னாடியே எழுந்து போலகத்துல அக்கா வீட்டுக்குப் போறேன்னு போயிட்டா."

இரண்டு பேரும் நடு ரோட்டில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டர், அந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டர். அறிவுள்ளவர்களாக இருந்தால் அங்கேயே ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

அற்புதராஜ் காஜாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். சவூதிப் பணம் வந்ததிலிருந்து பயலுக்குக் கை கொஞ்சம் சுருக்கம். பிரியாணியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான். காஜாவும் அவரை அதே மாதிரிதான் பார்த்தான். தவக்காலத்தில் கறிதானே ஆகாது? கிறிஸ்தவன் வீட்டில் மீன் வாசனைகூட இல்லையாம், யாருக்குக் காது குத்துகிறான்?

"சரிடா, அப்ப வர்றேன்," என்றார் அற்புதராஜ் அலட்சியமாக.

"நானும் சும்மா அப்படியே போயிட்டு வர்றேன்," என்றான் காஜா.

பத்தடி வரை இரண்டு பேரும் நடந்தார்கள். அப்புறம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அந்த ஒற்றுமை ஓட்டத்திலேயே நிஜமான ஓட்டம் அதுதான். ஒருத்தர் தெற்கே, ஒருத்தர் வடக்கே. போலகத்தை ஒட்டிய வயல்வெளி எப்போது பின்னால் போயிற்று என்றே அற்புதராஜுக்குத் தெரியாது. பட்டினத்தில் பந்தலும் கைதட்டலும் வந்தபோதுதான் நின்றார். நின்றபிறகு ஒன்று உறைத்தது. மூச்சு வாங்குகிறது, ஆனால் முட்டவில்லை.

ஓட்டக் குழுச் செயலாளர் செல்லையன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க சார், நம்பர் ஒண்ணு! நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுச் சான்றிதழை வாங்கிக்குங்க."

பதிவேடு என்றால் அற்புதராஜ் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். தொழில் புத்தி. முதல் பக்கம், முதல் வரி, அவர் பெயர். பதிவு செய்த தேதி, ஜனவரி ஆறு.

"தேதி தப்பா இருக்கே. நான் முடிவு பண்ணினதே பிப்ரவரி பதினாறு."

"தப்பெல்லாம் இல்ல சார். மூணு ராஜாக்கள் திருநாளன்னைக்கு உங்க வீட்டம்மாவும் ஆஸியாம்மாவும் சேந்து வந்தாங்க. நாங்க நோட்டீசே அடிக்கல. முதல் ரெண்டு பேரும் அவங்க எழுதுனதுதான். ரெண்டு ஊர்லேருந்தும் எதிரெதிரா ஓடட்டும்னு யோசனை சொன்னதே உங்க வீட்டம்மாதான் சார். நல்ல மூளை!"

அற்புதராஜ் நோட்டின் மேல் குனிந்தார். அவர் கண் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. 'ஓடக் காரணம்' என்று தலைப்பு. பக்கம் முழுக்கத் தேச ஒற்றுமை, தேச ஒற்றுமை என்று இறங்கிக்கொண்டே போனது. முதல் இரண்டு வரி மட்டும் வேறு. இரண்டாம் வரியில் ஆஸியா 'உப்பு' என்று எழுதியிருந்தாள். முதல் வரியில் சலோமியின் குண்டுக் கையெழுத்து. 'ஏழாவது படியில் நிற்கிறார். பதினாலும் ஏற வேண்டும்.'

இருபது வருஷமாக எத்தனையோ பேருக்குக் காரணம் எழுதிய மனுஷன், தன் பெயருக்கு நேரே இருந்த காரணத்தைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். கண் கலங்கிவிட்டது. பனியனைத் தூக்கி வியர்வையைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டார். பாவி மக, மறக்கவே இல்லை என்று நினைத்தார்.

கலங்கினாலும் வயிறு வயிறுதானே. காஜா வீட்டுப் பக்கம் கால் தானாகப் போயிற்று. வாசல் திறந்திருந்தது. மொசைக் தரையில் ஆஸியாவும் சலோமியும் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய சட்டி, மேலே மூடி.

"வாங்கண்ணே, ஓடியே வந்துட்டீங்களே!" என்றாள் ஆஸியா. "எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா வழியில?"

"போலகத்துக்குப் போனியாமே?" என்றார் அவர்.

"போனேண்ணே. வந்துட்டேன்."

அஞ்சே முக்கால் பஸ் யாரை ஏற்றிக்கொண்டு போனது என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது. சலோமி எழுந்து வந்தாள். அவர் முகத்தையும், நெஞ்சு ஏறி இறங்குவதையும் உற்றுப் பார்த்தாள். தன் முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்தாள். "வலிக்குதா எங்கயாவது?"

"இல்ல."

"நிஜமா?"

"நிஜமா இல்ல சலோமி."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு சட்டியின் மூடியைத் திறந்தாள். கேப்பைக் கஞ்சி. பக்கத்தில் தொட்டுக்கொள்ளப் புடலங்காய்.

"பிரியாணி?" என்றார் அற்புதராஜ், கடைசி ஆசையாக.

"தவக்காலத்துல உங்களுக்குக் கறியைப் போட்டுப் பாவத்தை நான் தேடிக்கவா?" என்று ஆஸியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கஞ்சியை வாங்கிக் குடித்தார். ஆறு கிலோமீட்டர் ஓடி வந்த வாய்க்கு அது தேவாமிர்தமாக இருந்தது. அந்த உண்மையை அவர் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது கும்பா குடித்து முடித்தபோது சலோமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழைந்த குரலில் பேசினாள்.

"கோவிச்சுக்காதீங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் நீங்க ஆசைப்பட்ட அதே பிரியாணி. ஆட்டுக்கறி, சீரகச் சம்பா, ஆஸியா கையாலயே. மாதா மேல சத்தியம்."

அற்புதராஜுக்கு மனசு நிறைந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியில் மறுபடி ஆவி படர்ந்தது. "நம்ம வீட்டுலதானே?" என்றார் கனவிலிருந்தபடியே.

சலோமி பையைத் திறந்து இன்னொரு வெள்ளைத் துணியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அதிலும் நம்பர் ஒன்றுதான்.

"நாகூர்லங்க," என்றாள்.